‘வேண்டும்’ இல்லாத வாக்கியம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் புத்தக அலமாரியை இடம் மாற்றியபோது என் பழைய டைரிகள் இரண்டு கிடைத்தன. ஒன்று முப்பத்தெட்டு வயதில் எழுதியது, மற்றது நாற்பத்து மூன்றில். இரண்டிலும் முதல் பக்கத்தில் ‘வாழ்க்கை லட்சியங்கள்’ என்று அடிக்கோடிட்ட தலைப்பு, கீழே பட்டியல். முதலாவதில் 17 வரிகள், இரண்டாவதில் 14. அருகருகே வைத்துப் பார்த்தேன். அந்தப் பதினான்கில் பதினொன்று பழையவைதான். சிலவற்றில் ஒரு சொல்கூட மாறவில்லை.

நான் மெய்ப்புப் பார்ப்பவள். இருபத்து நான்கு ஆண்டுகளாக அடுத்தவர் வாக்கியங்களில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். அதனாலோ என்னவோ, வருத்தத்துக்கு முன்னால் இலக்கணம்தான் கண்ணில் பட்டது. எல்லா வரியும் ஒரே சொல்லில் முடிந்திருந்தது. உடம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும். ஒரு நூல் எழுத வேண்டும். அப்பாவுடன் நெருக்கமாக இருக்க வேண்டும். ஓவியம் கற்றுக்கொள்ள வேண்டும். செய்யப்போவது யார் என்று எந்த வரியிலும் இல்லை. எப்போது, எங்கே, எவ்வளவு என்பதும் இல்லை. ‘வேண்டும்’ ரொம்ப வசதியான சொல். விருப்பத்துக்கும் அதுதான், கட்டாயத்துக்கும் அதுதான். ‘வேண்டுதல்’கூட அதே வேரில் பிறந்ததுதான். எழுதி முடித்த கையோடு, பாதி வேலை ஆகிவிட்டது போன்ற ஒரு நிம்மதியையும் கொடுத்துவிடும்.

அந்தப் பட்டியலை ஒரு மோசமான மெய்ப்புப் படியாக எடுத்துக்கொண்டு திருத்தத் தொடங்கினேன். ‘வேண்டும்’ என்ற ஊன்றுகோல் இல்லாமல் ஒவ்வொரு வரியும் தானாக நிற்கும்வரை திருத்துவது என்பதுதான் முறை. செய்து பார்க்க நினைப்பவர்கள் மூன்று வாரம் ஒதுக்குங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வாழ்க்கை லட்சியத்தை எழுதி முடித்தவர்களில் நானும் ஒருத்தி. அதன் பலனைத்தான் மேலே சொன்னேன்.

முதல் வாரம்: பேனாவும் ஏழு நாளும்

லட்சியத்தைப் பற்றி முதல் வாரம் யோசிக்கவே யோசிக்காதீர்கள். இப்போது எப்படி வாழ்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். ஒரு நாளுக்கு ஒரு தாள். எழுந்த நேரம் முதல் படுக்கும் நேரம் வரை அரை மணிக்கு ஒரு வரி. அந்த அரை மணியில் என்ன செய்தீர்களோ அது மட்டும். செய்ய நினைத்தது, செய்திருக்கக்கூடியது எதுவும் தாளில் ஏறக்கூடாது. இரவு உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பினால் பொய்தான் வரும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிரப்பிவிடுங்கள்.

முதல் இரண்டு நாள் நடிப்பாகத்தான் இருக்கும். தாள் பார்க்கிறதே என்று நானும் சீக்கிரம் எழுந்தேன், யாருக்கும் குரல் உயர்த்தவில்லை. மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. உண்மையான கணக்கு அங்கேதான் தொடங்கியது. வார முடிவில் கூட்டிப் பார்த்தேன். கைப்பேசியில் விரலைத் தள்ளிக்கொண்டிருந்தது 15 மணி நேரம். அடுத்தவர் எழுதிய நூல்களைப் பற்றிச் சக ஊழியர்களோடு பேசியது, பெரும்பாலும் திட்டியது, 3 மணி நேரம். நான் எழுதியது பூஜ்யம். அப்பாவுக்கு மூன்று முறை தொலைபேசி, மூன்றும் சேர்த்து 13 நிமிடம். மூன்று முறையும் நின்றுகொண்டோ, எதையோ தேடிக்கொண்டோ பேசியிருக்கிறேன். ‘அப்பாவுடன் நெருக்கமாக இருக்க வேண்டும்’ என்று இரண்டு டைரியிலும் எழுதியவள் நான்தான்.

இந்த வாரத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். வெண்டி வுட் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாணவர்களின் கைக்கடிகாரத்தை மணிக்கொரு முறை ஒலிக்கவைத்து, அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள், எதை நினைக்கிறார்கள் என்று எழுதச் சொன்னார்கள். அதன் ஒரு பகுதியில் செயல்களில் ஏறக்குறைய 43 சதவீதம், அநேகமாகத் தினமும் அதே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களாக இருந்தன. மனம் பெரும்பாலும் வேறெங்கோ இருந்தது. அதாவது, லட்சியம் எதுவும் இல்லாதவருக்கும் ஒரு திட்டம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் புதிதாக ஒன்றை எழுதி என்ன பயன்?

இரண்டாம் வாரம்: அடிப்பது

ஆசைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் கொட்டுங்கள். வெட்கப்பட வேண்டாம், வரிசைப்படுத்தவும் வேண்டாம். ‘வேண்டும்’ போட்டே எழுதலாம், இது முதல் படிதானே. பிறகு ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

முதல் கேள்வி: இதைச் செய்து முடித்ததை யாரிடமும் சொல்லவே முடியாது என்றால், அப்போதும் இது எனக்கு வேண்டுமா? என் பட்டியலில் ‘ஓர் அயல்மொழி கற்க வேண்டும்’ என்று இருந்தது. பக்கத்து மேசைக்காரர் கற்றுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் காரணம். அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தபோது துளிகூட வலிக்கவில்லை.

இரண்டாம் கேள்வி: இதற்காக எதை விடுவேன்? முதல் வாரத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதற்கு விடை எழுத முடியும். ‘நேரத்தை ஒதுக்குவேன்’ என்று எழுதாதீர்கள், எங்கிருந்து? நாளில் காலி அறை எதுவும் கிடையாது. எந்த அரை மணியைக் காலி செய்கிறீர்கள் என்று பெயர் சொல்லுங்கள். பெயர் சொல்ல முடியாத வரியை அடித்துவிடுங்கள், அல்லது ‘இப்போது இல்லை’ என்ற வேறொரு தாளுக்கு மாற்றுங்கள்.

ஓவியத்தை நான் அடித்தது இந்தக் கேள்வியில்தான். இது வலித்தது. பத்து ஆண்டுகளாகப் பெட்டியில் ஒன்பது தூரிகைகள் வைத்திருந்தேன். இரண்டின் மேலுறைகூடப் பிரியவில்லை. ஓவியத்துக்கு வாரம் ஆறு மணி நேரமாவது தேவை. அந்த ஆறு மணி நேரத்தை எழுத்துக்கு என்று நினைத்திருந்த நேரத்திலிருந்துதான் எடுக்க முடியும், எழுத்தை விட மனம் வரவில்லை. பெட்டியை அண்ணன் மகளிடம் கொடுத்தேன். “ஏன் அத்தை, நீங்கள் வரைவதில்லையா?” என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அந்த ‘இல்லை’யைச் சொல்லப் பத்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த வாரம் முழுவதும் எனக்கு ஏதோ பாரம் இறங்கியது போல இருந்தது என்றால் நம்புவீர்களா?

மூன்று வரிகள் மிஞ்சின. மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். முழுநேர வேலையோ குழந்தைகளோ இருந்தால் இரண்டே போதும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லட்சியத்தை எழுதி வைப்பதன் பெருமைக்குச் சான்றாக ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் 1953இல் பட்டம் பெற்றவர்களில் எழுதி வைத்திருந்த 3 சதவீதம் பேர் இருபது ஆண்டுகளில் மற்ற எல்லாரையும் சேர்த்ததைவிட அதிகம் சம்பாதித்தார்களாம். அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. என் மேசைக்கு வந்த கைப்பிரதிகளில் இந்தக் கதையைக் குறைந்தது நான்கு முறை அடித்திருக்கிறேன். எழுதுவதால் நன்மை உண்டு, ஆனால் எழுதியது எப்படிப்பட்ட வாக்கியம் என்பதைப் பொறுத்துத்தான்.

மூன்றாம் வாரம்: வாக்கியத்தைத் திருத்துவது

என் நூல் வரியையே எடுத்துக்கொள்வோம். முதல் படி: ‘ஒரு நல்ல நூல் எழுத வேண்டும்.’

முதலில் அடைமொழிகளை வெட்டுங்கள். ‘நல்ல’ போகட்டும். நன்றாக, சிறப்பாக, அதிகமாக, ஆரோக்கியமாக, நிம்மதியாக ஆகிய எல்லாமே பார்க்க அழகாக இருக்கும், கையில் பிடித்தால் ஒன்றும் அகப்படாது. முடிந்ததா இல்லையா என்று முன்பின் தெரியாத ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல முடிய வேண்டும், அதுதான் அளவுகோல். ‘நல்ல நூல்’ இருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியாது. ‘120 பக்கம்’ இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அடுத்து எழுவாயைப் போடுங்கள். தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நடந்துவிடும் என்பதால் இந்த இடத்தில் நாம் எளிதாக ஒளிந்துகொள்கிறோம். ‘நான்’ என்று எழுதியதும் வாக்கியத்தின் தோரணையே மாறும். பிறருடைய செயலில் முடியும் லட்சியங்கள் இங்கேதான் பிடிபடும். ‘என் நூலைப் பெரிய பதிப்பகம் வெளியிட வேண்டும்’ என்பதில் எழுவாய் பதிப்பகம், நான் அல்ல. என் வாக்கியம் நான் செய்யக்கூடிய கடைசிச் செயலோடு நிற்கட்டும்.

பிறகு தேதி. நான் ஜூன் முதல் தேதி எழுத ஆரம்பிப்பதாக இருந்தேன். ஆறு மாதம் போதும் என்று நவம்பர் 30 போட்டேன். போட்டதும் ஒரு சந்தேகம் வந்தது. பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே தவறாகப் போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டார்கள், 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். அவர்கள் கற்பனை செய்த படுமோசமான நிலையைவிட நிஜம் ஒரு வாரம் பின்தங்கியிருந்தது. முதல் கணிப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 1.6. என் ஆறு மாதத்தை அந்த 1.6ஆல் பெருக்கினேன், ஒன்பதரை மாதத்துக்குச் சற்றே கூடுதலாக வந்தது. மார்ச் 31 என்று திருத்தினேன். எந்தக் காரியத்துக்கும் இந்தப் பெருக்கல் சரியாக இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் முதல் தேதி எதுவானாலும் அதை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

கடைசியாக வினைமுற்று. ‘வேண்டும்’ போய் ‘-கிறேன்’ வரட்டும். ‘-வேன்’ போட்டாலும் இலக்கணப்படி தவறில்லை, வாக்குறுதிக்கு உரிய வடிவமே அதுதான். எனக்கு நானே கொடுத்த வாக்குறுதிகளில் எனக்குக் கொஞ்சம் அலுப்பு உண்டு, அதனால் நிகழ்காலத்தில் எழுதிக்கொள்கிறேன்.

திருத்திய படி இப்படி வந்தது: ‘மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பும் பிழைகள் பற்றி 120 பக்கக் கையேடு ஒன்றின் முதல் படியை நான் மார்ச் 31க்குள் முடித்து, பதிப்பாசிரியரின் மேசையில் வைக்கிறேன்.’

எட்வின் லாக், கேரி லாதம் என்ற உளவியலாளர்கள் இருவரும் பல பத்தாண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்தார்கள். லாக்கின் முக்கியமான கட்டுரை 1968இலேயே வந்துவிட்டது. ‘உன்னால் முடிந்த அளவு செய்’ என்று சொல்லப்பட்டவர்களைவிட, குறிப்பான, சற்றுக் கடினமான இலக்கு தரப்பட்டவர்கள் மேலாகச் செய்தார்கள் என்பது திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. முடிந்த அளவு என்பது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? களைப்பாக இருக்கும் நாளில் அது ஒன்றுமில்லை.

‘-ததும்’ என்ற விகுதி

இனிதான் நாளுக்கு வருகிறோம். மார்ச் 31 என்பது தூரத்தில் இருக்கிறது. இன்று காலை ஆறேகாலுக்கு அதற்கு என்னிடம் பேசத் தெரியாது. அந்தப் பெரிய வாக்கியத்துக்குக் கீழே தினமும் நடக்கும் ஒரு சின்ன வாக்கியம் தேவை.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி 1999இல் ஒரு கட்டுரை எழுதினார். ‘இதை அடைய விரும்புகிறேன்’ என்பது ஒன்று, ‘இன்னது நேர்ந்ததும் இன்னதைச் செய்வேன்’ என்பது வேறொன்று, இரண்டாவதுதான் கைகால்களை அசைக்கிறது என்பது சாரம். அதற்கு முன் 1997இல் அவரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் மாணவர்களிடம் ஒரு சிறு அறிக்கை எழுதித் தரச் சொல்லி, விடுமுறையின் நடுவே இரண்டு நாள் கெடு வைத்தார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் உரிய காலத்தில் எழுதினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒருவர்தான்.

இதற்குத் தமிழில் விகுதியே தயாராக இருக்கிறது: செய்ததும், முடித்ததும், எழுந்ததும். உங்கள் தினசரி வாக்கியத்தை இந்த அச்சில் வார்த்துக்கொள்ளுங்கள்: இன்னது முடிந்ததும், இன்ன இடத்தில், இவ்வளவு செய்கிறேன்.

நான் முதலில் எழுதியது: ‘அலுவலகத்திலிருந்து வந்ததும் ஒரு பக்கம் எழுதுகிறேன்.’ மூன்று வாரத்தில் நான்கு நாள்தான் நடந்தது. காரணம் எனக்கு இப்போது தெரிகிறது. ‘வந்ததும்’ என்பது ஒரு கணம் அல்ல. செருப்பைக் கழற்றியதா, முகம் கழுவியதா, சற்றுச் சாய்ந்ததா? வரும் நேரமும் ஆறரை முதல் எட்டரை வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கும். கொக்கி மாட்ட வேண்டிய இடத்தில் கொழகொழவென்று ஏதோ இருந்தது. ‘நேரம் கிடைத்ததும்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அது போலி ‘-ததும்’, பார்த்த உடனே அடித்துவிடுங்கள்.

திருத்தியது: ‘காலையில் பல் துலக்கித் தூரிகையைக் குவளையில் போட்டதும், ஜன்னலோர மேசையில், நேற்றைய கடைசி வரியை வாசித்து ஐந்து வரி எழுதுகிறேன்.’ தூரிகை குவளையில் விழும் ஒலிக்கு ஒரு முடிவு இருக்கிறது. எவ்வளவு மோசமான நாளிலும் அந்த ஒலி கேட்காமல் இருந்ததில்லை. உங்கள் கொக்கிக்கும் இந்த இரண்டு குணமும் இருக்க வேண்டும்: ஒருநாளும் தவறாத செயல், கூர்மையான முடிவு.

ஐந்து வரி என்பது சிரிப்பாகத் தோன்றும். பெரும்பாலும் இருபது வரி வரை போய்விடும். ஆனால் கணக்கு ஐந்துதான். காய்ச்சலிலும் முடியக்கூடிய அளவாக வையுங்கள். இன்னொரு சின்ன தந்திரம்: முடிக்கும்போது கடைசி வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவேன், வினைமுற்று இல்லாமல். மறுநாள் அதை வாசித்ததும் கை தானாக முடிக்கப் போகும். இருபத்து நான்கு ஆண்டு மெய்ப்புப் பார்த்த கைக்கு முடியாத வாக்கியம் ஒரு நமைச்சல். உங்கள் நமைச்சல் எதுவென்று உங்களுக்குத் தெரியும்.

இடத்தை ஆயத்தப்படுத்துவது பற்றி எல்லாரும் சொல்கிறார்கள், சரியாகவே சொல்கிறார்கள். தாளும் பேனாவும் இரவே மேசையில், கைப்பேசி வேறு அறையில். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

டிக் நிறைந்த தாளும் அசையாத முழங்காலும்

பழக்கம் நடக்கிறது என்பதும் லட்சியம் நகர்கிறது என்பதும் ஒன்றல்ல. இதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன்.

‘உடம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும்’ என்ற வரி திருத்தத்தில் இப்படி ஆகியிருந்தது: ‘அலுவலகத்தின் 46 படிகளையும் நான் கைப்பிடியைப் பிடிக்காமல், நடுவில் நிற்காமல் ஏறுகிறேன், டிசம்பர் 31க்குள்.’ லிஃப்ட் கிடையாது. இருபத்து மூன்றாம் படியில் திரும்பும் இடத்தில், கைப்பையில் ஏதோ தேடுவது போல நின்று மூச்சு வாங்குவேன். அந்த நடிப்பை ஒழிப்பதுதான் லட்சியம் என்றும் சொல்லலாம்.

தினசரி வாக்கியமாக அரை மணி நேர நடையை வைத்தேன். இரண்டு மாதத்தில் ஐந்தே நாள்தான் தவறியது. செய்த நாளைக் குறிக்கும் தாள் முழுக்க டிக். எனக்கே என்னைப் பார்த்துப் பெருமை. படியில் மட்டும் அதே இருபத்து மூன்று, அதே கைப்பை. கடைசியில் ஓர் இயன்முறை மருத்துவரிடம் போனேன். சமதளத்தில் நடப்பது இதயத்துக்கு நல்லது, தொடருங்கள் என்றார். ஆனால் படி ஏறும்போது உடம்பைத் தூக்குவது தொடையின் முன்தசை, அதற்கு நீங்கள் ஒரு வேலையும் கொடுக்கவில்லையே என்றார். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காரும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். பத்துப் பத்தாக மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். ஏழாவது வாரம் ஒருநாள் இருபத்து மூன்றைத் தாண்டியதை நான் கவனிக்கவே இல்லை. முப்பத்தாறில்தான் உறைத்தது.

வழி தெரியாத காரியத்தில் எடுத்த எடுப்பில் எண்ணிக்கை இலக்கு வைத்தால் அது கைகொடுக்காது, முதலில் வழியைக் கற்பதையே இலக்காக வையுங்கள் என்று லாதமும் அவருடன் பணியாற்றியவர்களும் சொல்லியிருக்கிறார்கள். என் முதல் வாக்கியம் ‘படி ஏறப் பயன்படும் பயிற்சி எது என்று கேட்டு அறிகிறேன்’ என்று இருந்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே மாதம் ஒருமுறை, டிக்குகளைப் பார்க்காமல், லட்சியத்தை மட்டும் நேரில் அளந்து பாருங்கள். படியில் ஏறிப் பாருங்கள், பக்கத்தை எண்ணுங்கள், சேமிப்பு என்றால் கணக்கைத் திறந்து பாருங்கள். தாள் நிறைந்திருந்தும் அளவு அசையவில்லை என்றால் உங்களிடம் மன உறுதி இல்லாமல் இல்லை, வாக்கியம்தான் தவறு. இதையே திருப்பிப் போட்டால், தாளில் ஓட்டைகள் இருந்தும் அளவு நகர்கிறதென்றால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளத் தேவையில்லை.

குறிப்பது, தவறுவது

தினசரிக் குறிப்புக்கு என் முன்னோடி அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டு, ஒரு சிறு ஏட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு, வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு பத்திகள் வரைந்து, தவறிய இடத்தில் கரும்புள்ளி வைத்தார். வாரம் ஒரு பண்பில் மட்டும் தனிக் கவனம். அவரை அதிகம் படுத்தியது ஒழுங்கு, அதாவது பொருளை அதன் இடத்தில் வைப்பது. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி அந்த ஏட்டில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். ஓட்டை விழுந்த அந்த ஏட்டுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

என் தாளில் மூன்று வரிசை, ஏழு கட்டம். செய்தால் டிக். செய்யாவிட்டால் காலி. மூன்றாவதாக ஒரு குறி உண்டு. மெய்ப்பில் தவறாக அடித்துவிட்ட சொல்லின் கீழே புள்ளிகள் வைத்து ‘இருக்கட்டும்’ என்று ஓரத்தில் எழுதுவோம், அடித்ததைப் பொருட்படுத்தாதே என்று பொருள். அப்பா ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தபோது எழுத்து வரிசையில் ஆறு கட்டங்களிலும் புள்ளி வைத்தேன். அந்த ஆறு நாளும் தவறிய நாள்கள் அல்ல.

பழக்கம் படிய 21 நாள் போதும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வர 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணித்தார்கள், நடுவில் நிற்கும் எண் 66. ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. எனக்கு எழுத்து நான்காம் மாதத்தில்தான் கைக்குப் படிந்தது. தவறிய நாளின் மறுநாள் ஐந்து வரி கிடையாது, ஒரே ஒரு வரி. பாக்கியைச் சேர்த்துத் தீர்க்கப் போனால் மூன்றாம் நாளும் தவறும், இது என் அனுபவம்.

எண்ணக்கூடாத ஒன்று

அப்பா வரியை எப்படித் திருத்துவது என்று ரொம்ப நாள் தெரியவில்லை. ‘நெருக்கமாக’ என்பது வெட்ட வேண்டிய அடைமொழிதான். வெட்டினால் எதுவும் மிஞ்சவில்லை. வாரத்துக்கு இத்தனை நிமிடம் என்று ஒருமுறை எண் வைத்துப் பார்த்தேன். அடுத்த வாரமே பேசிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன், அன்றே அந்த எண்ணை அடித்தேன். எல்லா லட்சியத்துக்கும் அளவு வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு எனக்கு இந்த இடத்தில் உடன்பாடு இல்லை. மனிதர்கள் சம்பந்தப்பட்ட இடத்தில் இலக்கை எண்ணாதீர்கள். இருக்கையை மட்டும் உறுதி செய்யுங்கள்.

கடைசியில் ஒரே சொல்தான் சேர்த்தேன். ‘இரவில் பாத்திரம் கழுவிக் கையைத் துடைத்ததும், நான் நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவை அழைக்கிறேன்.’ புதுச்சொல் ‘உட்கார்ந்து’. நின்றுகொண்டு பேசியவரை “எல்லாம் நலம்தானே, சரி வைக்கட்டுமா” என்று நான்கு நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்தது. அவருக்குக் காது சற்று மந்தம், ஒன்றை இரண்டு முறை சொல்ல வேண்டும். நிற்பவளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அவர் தன் முதல் வேலையில் சேர்ந்த நாளைப் பற்றிச் சொன்னார். நான் கேட்டிராத கதை. சில இரவு மூன்று நிமிடம்தான் பேசுவோம், அதற்கும் டிக் உண்டு.

முடிந்த பிறகு

கையேடு மார்ச் 31க்கு முடியவில்லை. மே 12ஆம் தேதி முடிந்தது, 131 பக்கம். பதிப்பாசிரியர் மேசையில் வைத்தேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. ஏழாம் பக்கத்தில் ஓர் ஒற்றுப் பிழையை நானே விட்டிருந்தேன்.

முடிந்த லட்சியத்தைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் அதன் பழக்கம் சில வாரம் எசமான் இல்லாமல் சுற்றும், அதற்கு உடனே வேறு வேலை கொடுக்க அவசரப்படாதீர்கள். அடுத்த பட்டியலையும் ஏழு நாள் தாளிலிருந்தே தொடங்க வேண்டும். ஐம்பது வயதுக்காரியின் ஆசைகளை நாற்பது வயதுக்காரியின் பட்டியலிலிருந்து நகல் எடுத்து ஒருமுறை பட்டது போதும். நான் ஜூன் முழுவதும் காலையில் அதே மேசையில் உட்கார்ந்து சும்மா எதையாவது கிறுக்கிக்கொண்டிருந்தேன். ஜூலையில் ஏழு தாள் எடுத்து, தேதி போட்டு, அரை மணிக்கு ஒரு கோடு வரைந்தேன்.